வெல்லக் கொப்பரையில் மாப்பிள்ளை

கார்த்திகை வெள்ளம் ஓடத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் பாகூர் மாப்பிள்ளை அரங்கநாதன் வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் ஏறிப் பெண்ணையாற்றைக் கடக்கிறான். இக்கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. கல்யாணப் பெண் அங்கே காத்திருக்கிறாள். கூட்டாளிகள் வீரப்பனும் மணவாளனும் பாகு கிண்டும் துடுப்புகளால் ஆளுக்கொரு பக்கம் வலிக்கிறார்கள். வட்டக் கொப்பரைக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. நடு ஆற்றில், பாகு பொங்குவதுபோல் நீர் நுரைத்துப் பொங்கும் இடத்தில், அது பம்பரமாகச் சுழல்கிறது. இளவெயிலில் பிரெஞ்சுக் கரையின் பனைகள் வருகின்றன, இங்கிலீஷ் கரையின் தென்னைகள் வருகின்றன, மறுபடியும் பனைகள். "பொண்ணு வூடு எந்தப் பக்கம்டா?" என்று மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். "எது கிட்ட வருதோ அதான்! ஆடாம குந்துடா!" என்று வீரப்பன் சிரிக்கிறான். கொப்பரை ஒரு குலுக்கலோடு மணலில் ஏறி நிற்கிறது. நாணலை விலக்கிக்கொண்டு ஒரு பட்டுச்சேலை ஓடி வருகிறது. மாமியார்தான் என்று நினைத்து, தலை கிறுகிறுக்க மாப்பிள்ளை அவள் காலில் விழுகிறான். அவனைப் பெற்ற கலியம்மாள் மூச்சிரைக்க ஒரு மஞ்சள் துணி முடிச்சை நீட்டுகிறாள். "தாலிய வுட்டுட்டுப் போறியேன்னு கரையோரமா ஓடியாரேன். நல்ல வேள, நீயே திரும்பி வந்துட்ட!"