பலூன் எழுத்து

பர்வீனின் பேனர் கடையில் சாவுக்கு விறைப்பான கறுப்பு எழுத்து, பிறந்தநாளுக்குப் பலூன் எழுத்து. கவுன்சிலர் தணிகாசலத்தின் பெயர் திரையில் உப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதித்தது. பிறந்தநாள் பேனர் அடிக்கச் சொல்ல வந்திருந்த அவருடைய ஆள் செங்குட்டுவன் திருப்தியாகத் தலையாட்டினான்.

"சூப்பர்க்கா. இதே போட்டோவை வெச்சு இன்னொண்ணும் ரெடி பண்ணிடுங்க. கண்ணீர் அஞ்சலி. தேதியை மட்டும் விட்டுடுங்க, அப்புறம் சொல்றேன்."

பர்வீன் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அதுக்கு எந்த எழுத்து?" என்று மட்டும்தான் அவளுக்குக் கேட்க வந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலமே உள்ளே வந்தார். திரைக்கு முன்னால் குனிந்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, எழுத்து என்னமா ஆடுது! இனிமே எனக்கு எது அடிச்சாலும் இதேதான் போடணும், சரியா?"

பர்வீன் செங்குட்டுவனைப் பார்த்தாள். அவன் தணிகாசலத்தின் தோளிலிருந்து சரிந்த துண்டை எடுத்து, மாலை போடுவதுபோல் இரண்டு கைகளாலும் கழுத்தில் போட்டுவிட்டான்.

"கேட்டுக்கிட்டீங்கல்லக்கா," என்றான். "அண்ணனே சொல்லிட்டாரு."