துரைசானியும் கூலிகளும்

அவள் டோலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

துடைக்கச் சொல்லித்தான் துணியைக் கையில் கொடுத்திருந்தார்கள். துடைத்தாள். பிரம்பு நாற்காலி, இரண்டு பக்கமும் நீள மூங்கில், மூங்கிலைச் சுற்றிச் சாமந்திச் சரம். எல்லாம் முடித்துத் துணியை உதறி மடித்தாள். அதையே நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

இந்த மலை நகரம் பாரம்பரிய நகரமாகிவிட்டது. அரசாணை வந்து பதினோரு நாள் ஆகிறது. மாதா கோயில் பாரம்பரியம். தபால் நிலையம் பாரம்பரியம். துரைமார் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தொட்டிகூடப் பாரம்பரியம்.

அதற்குத்தான் இன்றைக்கு விழா. சிறப்பு விருந்தினரை அந்தக் காலத்துத் துரை மாதிரியே டோலியில் வைத்து மேடைவரை தூக்கிப் போவதென்று யாரோ ஒரு புண்ணியவானுக்கு யோசனை உதித்திருக்கிறது.

தூக்க நான்கு பேர். நான்கு பேரும் துப்புரவுப் பிரிவில் தினக்கூலிகள். வேட்டி, தலைப்பாகை, வெறுங்கால். அதில் ஒருவன் அவள் புருஷன் தங்கமாயன். ஒழுங்காகத் தூக்கினால் பணி நிரந்தரத்துக்கு எழுதிப் போடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். பதினாறு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

டோலிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய புகைப்படத்தை நிறுத்தியிருந்தார்கள். டோலியில் ஒரு வெள்ளைக்காரி. கையில் குடை, மடியில் நாய். மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நான்கு பேர். கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

திருமதி எலினார் விட்காம்ப், அவரது நாய் பிஞ்ச், மற்றும் கூலிகள். 1908.

நாய்க்குப் பேர் இருந்தது.

அவள் வீட்டில் வருஷாவருஷம் பொங்கலுக்கு மறுநாள் நான்கு இலை போடுவார்கள். படத்தில் இருக்கும் அந்த நான்கு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட உட்காரலாம். ஒருவர்தான் அவள் வம்சம். மற்ற மூவரும் அவரோடு டோலி தூக்கியவர்கள். ஒரே டோலிக்குத் தோள் கொடுத்தவன் உடன்பிறந்தவன் என்பது அவர்கள் வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற மூன்று வீட்டுக்கும் தீட்டு. இன்றைக்கும் அப்படித்தான்.

காலையிலேயே மேஸ்திரியிடம் நான்கு பேருடைய பேரையும் எழுதச் சொன்னாள். பலகையில் இடமில்லை என்றார். நாய்க்கு இடம் இருக்கிறதே என்றாள்.

மேஸ்திரி சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"எந்திரி போதுமணி. என் பொழப்பையும் சேத்துக் கெடுக்காத." இப்போது அவர் கும்பிடாத குறை.

அவள் எழவில்லை.

விழாவை நடத்தும் அதிகாரி வந்தார். அவருக்கு முன்னால் கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். அத்தனை கேமராவுக்கு முன்னால் ஒரு பொம்பளையின் கையைப் பிடித்து இழுக்க எவருக்கும் தைரியம் வரவில்லை.

அதிகாரி குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "உன் வேலையும் போயிடும். உன் வீட்டுக்காரன் வேலையும் போயிடும்."

பொய் சொல்வானேன், பெரியவளுக்கு ஹாஸ்டல், சின்னவளுக்கு மூச்சிரைப்பு மருந்து, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றன. தங்கமாயனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சடையன். மொக்கையன். வெயிலான். கூடலிங்கம்." ஒவ்வொரு பேரையும் நிறுத்திச் சொன்னாள். "எழுதுங்க சார். எழுதுன மறுநிமிசம் எறங்கிருறேன்."

கீழே கொண்டை ஊசி வளைவில் சைரன் கேட்டது. விருந்தினர் வந்துவிட்டார்.

அந்தக் குளிரிலும் அதிகாரிக்கு வியர்த்தது. தூக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினார். "நாற்காலியோட தூக்கி அந்த ஓரமாக் கொண்டுபோய் வைங்கடா!"

நான்கு பேரும் குனிந்தார்கள். மூங்கில் அரையடி உயர்ந்தது.

அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. மிரட்டலுக்குக்கூட அழாதவள். கட்டினவன் கையாலேயே ஓரத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இருங்கப்பா" என்றான் தங்கமாயன்.

டோலியை இறக்கினார்கள்.

கேமராவுக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று மேஸ்திரி நெட்டையான இருவரை முன்னால் நிறுத்தியிருந்தார். அதில் தங்கமாயன் ஒருவன். அவனும் இன்னொருவனும் இப்போது பின்பக்கம் வந்தார்கள். குட்டையான இருவரும் ஒன்றும் கேட்காமல் முன்னால் போனார்கள்.

"கெட்டியாப் பிடிச்சுக்க புள்ள" என்றான்.

ரோடு இல்லாத மேல்மலை ஊர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை டோலியில் தூக்கிவருகிறவர்கள் மேடு ஏறும்போது இப்படித்தான் இடம் மாற்றிக்கொள்வார்கள். குட்டையானவர்கள் முன்னால் போனால்தான் நாற்காலி பின்பக்கம் சாயாது.

அதிகாரி கைகாட்டிய ஓரம் பள்ளத்தில் இருந்தது.

மேட்டில் இருந்தது மேடைதான்.