அண்ணனின் இடது கண்

செத்துப்போன அண்ணனுக்குக் குழி வெட்டிவிட்டு வந்த சின்னவனுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. கடல் தாண்டி இருக்கும் அண்ணன் மகளால் வர முடியவில்லை. "அப்பா முகத்தை ஒரு தடவை அனுப்புங்க சித்தப்பா, பார்த்து அழுதுக்கிறேன்" என்று கேட்டிருந்தாள். அண்ணனைப் படம் எடுத்து அனுப்பினான்.

உடனே கூப்பிட்டாள். "இது யாரு சித்தப்பா? முழிச்சுப் பார்க்கிறாரு. ரெண்டு கண்ணும் இருக்கு."

படத்தில் அப்படித்தான் இருந்தது.

துக்கத்துக்கு வந்திருந்த லாரி டிரைவர் ஒருவன் எட்டிப் பார்த்தான். "புது போனுல்ல? மூடின கண்ணை அதுவே திறந்துவிட்டுடும். செத்தவனையே முழிக்க வைக்குது, என் பொண்டாட்டிய ஒருநாளும் சிரிக்க வைக்கல." தன்னுடைய பழைய போனைக் கொடுத்தான். அதிலும் அண்ணன் விழித்திருந்தார்.

கல்குவாரியில் சில்லு தெறித்து அண்ணனின் இடது கண் போனபோது மகள் பிறந்திருக்கவே இல்லை. அந்தக் கண் இருந்த காலத்தில் அவரை யாரும் படம் எடுத்ததும் இல்லை. கட்டிலில் கிடந்தவருக்கு அங்கே சுருங்கிய தோல்தான் இருந்தது. போனில் இருந்த கண் பழுப்பாக, ஈரமாக இருந்தது.

வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். திரையில் அந்தக் கண் மட்டும் மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. சின்னவன் அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கல்லாகச் சில்லிட்டிருந்தது.

"இவரு வேண்டாம் சித்தப்பா, எங்கப்பாவைக் காட்டுங்க" என்று அவள் அழுதாள்.

இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். சின்னவனே மண்ணைத் தள்ளி மூடினான்.

அண்ணன் மகளுக்கு அவள் அப்பாவின் முகம் இன்னும் பாக்கி.