ப்ரானியின் பூட்டு

கடைசிப் பூட்டு அவளுடையது.

ரயில் எஞ்சினின் மெயின் ஸ்விட்சில் அது ஒற்றையாகத் தொங்கியது. சிவப்புப் பூட்டு. அதோடு கட்டிய அட்டையில் அவள் முகம், கீழே 'ப்ரானி, ஃபிட்டர்'.

எஞ்சினில் கை வைக்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட வேண்டும். போட்டவர்தான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் எஞ்சின் அசையாது.

கூட வேலை பார்த்த டெஸ்ஸும் விலியும் தங்கள் பூட்டைக் கழற்றி இடுப்பில் மாட்டியாயிற்று.

ஐந்து மணி நேரம் மூன்று பேரும் எஞ்சினுக்கு அடியில், செம்மண்ணில் முதுகு தேயக் கிடந்தார்கள். வாயைத் திறந்தால் ஈ. இறுகிப்போன சக்கரத்தை ஒருவழியாகச் சுழல வைத்தார்கள். அதற்குள் பின்னால் நான்கு ரயில்கள் இரும்புத் தாதுவோடு வரிசை கட்டிவிட்டன.

சக்கரம் சுழன்றது. கிரீஸைத் துடைத்தபோதுதான் ப்ரானி பார்த்தாள். அச்சில் மயிரிழை விரிசல்.

"பட்டறைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்தானே, மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்" என்றான் மேலாளர் கார்வி.

வழியில் ஆற்றுப்பாலம் இருக்கிறது. உருட்டப்போவது கார்வி இல்லை. ஓட்டுநர் லூ. அவன் தண்டவாளத்தோரம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு டிராலி வரட்டும். அச்சைத் தூக்கி வச்சு இழுப்போம். அதுவரைக்கும் என் பூட்டு வராது."

டெஸ் பல்லைக் காட்டினான். "எடு தாயி, உனக்கு யாரும் சிலை வைக்கப் போறதில்ல. பசிக்குது."

விலி குனிந்து ஸ்பானர்களை அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி அடுக்கினான்.

விதியில் ஒரு சந்து இருந்தது. பூட்டின் சொந்தக்காரர் சைட்டில் இல்லையென்றால் மேலாளர் அதை வெட்டச் சொல்லலாம். கார்விக்கு அந்த வரி மனப்பாடம்.

"உனக்கு வேலை போச்சு. வண்டியில ஏறு."

ஏறினாள். சாவியை உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிக்கொண்டாள். வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு, எல்லாம் நினைவுக்கு வந்தது. கை திறக்கவில்லை.

கார்வியே ஓட்டினான். மூன்று கிலோமீட்டரில் சைட்டின் கேட். அதைத் தாண்டியதும் ரேடியோவை எடுத்தான்.

"ஆளை வெளிய கொண்டு வந்தாச்சு. வெட்டு."

கரகரப்பு மட்டும். பிறகு டெஸ்ஸின் குரல், எதையோ மென்றுகொண்டே.

"வெட்டறேன் பாஸ். எத வெட்டணும்னு சொல்லுங்க. இங்க மூணு தொங்குது. நானும் விலியும் எங்கயும் போறதா இல்ல."

கார்வி பிரேக்கை மிதித்தான்.

இவ்வளவு நேரம் பின்னால் துரத்தி வந்த செம்புழுதி வண்டியை எட்டிப் பிடித்து, மூடி, முன்னால் போனது.

ப்ரானி கண்ணாடியை ஏற்றவில்லை.