வாய் திறக்காத இடுக்கி

அறுவைக் கூடத்தில் ஒரு கத்தியும் இடுக்கியும் இருந்தன. ஒவ்வொரு அறுவைக்கும் முன்னால் இரண்டையும் ஆவிப்பெட்டியில் வைத்துக் கிருமி சாக வேகவைப்பார்கள். இடுக்கி வாயைத் திறந்துகொண்டு வேக வேண்டும். இல்லையென்றால் அதன் மூட்டுக்குள் கிருமி தங்கிவிடும்.

ஒருநாள் புதிதாகத் தையல் நூல் ஒன்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களை அதன்மேல் பூசியிருந்தார்கள்.

"என்னைத் தொட்டா எந்தக் கிருமியும் செத்துரும். ஆராய்ச்சிக்கூடத்துலயே பாத்துட்டாங்க" என்றது நூல்.

ஆவிப்பெட்டியை மூடியதும் இடுக்கி வாயை இறுக்கிக்கொண்டது.

"அண்ணே, வாயைத் திறங்க" என்றது கத்தி.

"அதான் நூல் வந்திருக்குல்ல. நான் வேற எதுக்கு வேகணும்?"

பூரணி என்ற பெண்ணின் வயிற்றிலிருந்த புற்றுக்கட்டியைக் கத்தி மிச்சமில்லாமல் அறுத்தெடுத்தது. இடுக்கி உள்ளே போய்க் குடலைப் பிடித்துக்கொண்டது. நூல் வயிற்றைத் தைத்து மூடியது.

தையல் போட்ட இடம் கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. சீழ் வைத்தது வெகு ஆழத்தில், இடுக்கி பிடித்த இடத்தில். காய்ச்சல் ஏறி அந்த வாரமே பூரணி இறந்துபோனாள்.

"நூல் சரியில்லப்பா. சும்மா பீத்திக்கிச்சு" என்றது இடுக்கி.

நூலால் பதில் சொல்ல முடியவில்லை. அது பூரணியோடு எரிந்துபோயிருந்தது.

கத்திக்கு எல்லாம் தெரியும். ஆனால் நாளைக்கும் அதே தட்டில் இடுக்கியின் பக்கத்தில்தான் அது படுத்தாக வேண்டும்.

"ஆமாண்ணே" என்றது.

ஆவிப்பெட்டியை மறுபடி மூடினார்கள். இடுக்கி வாயைத் திறக்கவில்லை. இந்த முறை கத்தி திறக்கச் சொல்லவுமில்லை.