டியூப்லைட்டில் கல்வி வள்ளல்

12 மார்ச் 1991. நேற்றைய குறிப்பில் சென்னியப்பன் ஐயாவை வங்கி மேனேஜர் என்று தவறாக எழுதிவிட்டேன். அவர் வங்கித் தலைவராக ஓய்வு பெற்றவர். பனியன் கம்பெனி ஆட்களுக்காக நல்லூரில் இந்த மாலை வகுப்பைத் தொடங்கியவர். போன மாதம் இறந்துவிட்டார். இப்போது நினைவுக் குழுச் செயலாளர் கன்னையன் ஏணியில் நின்றபடி, வகுப்பின் ஒரே டியூப்லைட்டில் கறுப்புப் பெயிண்டால் அவர் பெயரைப் பட்டையாக எழுதுகிறார். பட்டங்களைச் சேர்க்கச் சேர்க்க பெஞ்சில் வெளிச்சம் குறைகிறது. வரும் திங்கள் பரீட்சை. என் பக்கத்தில் பாண்டியம்மாள் கணக்குப் புத்தகத்தை மூக்கருகே பிடித்திருக்கிறாள்.

"அண்ணே, பேரு நல்லாத் தெரியுது. கணக்குத்தான் தெரியல."

"ஐயாவுக்கு மரியாதை வேண்டாமா கண்ணு?" என்கிறார் கன்னையன்.

"அவரு இருந்தப்ப ஒரு பல்புலயாச்சும் பேரெழுத விட்டாராண்ணே?"

"அதுக்குத்தான் இப்ப எழுதறமுங்க. இன்னும் 'கல்வி வள்ளல்' பாக்கியிருக்குது."

பிரஷ் மறுபடி டப்பாவில் முங்குகிறது. எரிச்சலில் என் பென்சில் முனை உடைகிறது. விளக்கில் உள்ள பெயரை அழித்தால் ஐயாவுக்கு அவமரியாதையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் நாளை வகுப்புக்கு முன்பே போய், மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் துணியால் விளக்கைத் துடைக்க வேண்டும்.