படிப்புக் காணாது

இதைப் பிழையாகச் சொல்லி ஆராய்ச்சிக்கு வந்த அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கொக்குவிலில் குணலட்சுமி அக்காவின் வளவுக்குள், பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அன்றைக்கு அக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு கம்பஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“உதயகலா, இவ ஆரபி. சனத்தின்ரை மனக்கவலையைப் பற்றி ஆராய்ச்சியாம். உன்ரை தம்பி காணாமல் போனதைச் சொல்லு. நீ கதைப்பாய் எண்டு நான் சொல்லிப்போட்டன்.”

முன்னம் ஒரு முறை யாரோ கேட்டார்கள் என்று அதைச் சொல்லிவிட்டு, எத்தனையோ நாள் நித்திரையில்லாமல் வளவுக்குள் நடந்து திரிந்தேன். ஆனால் மாட்டேன் என்றால் அக்கா முகத்தை நீட்டுவார். பிறகு அறையை விடச் சொன்னால் நான் எங்கே போவது?

“அன்ரி, விருப்பமில்லாட்டி நீங்கள் கதைக்கத் தேவையில்லை” என்றாள் ஆரபி. “இடையிலையும் நிப்பாட்டலாம். விளங்குதோ?”

அக்காவைப் பார்த்தேன்.

“ஓம்.”

“உங்கடை குரலைப் போனிலை பதியலாமோ?”

மறுபடி அக்காவைப் பார்த்தேன்.

“ஓம்.”

“இல்லாட்டி, பதியாமல் விடுவமோ?”

“ஓம்.”

அக்கா சிரித்தார். “உவள் எல்லாத்துக்கும் ஓம்தான். நீர் தொடங்கும் பிள்ளை.”

ஆரபி தொடங்கவில்லை. என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்ரி எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?”

“எட்டு.”

“அப்ப சரிவராது. உங்களுக்குப் படிப்புக் காணாது.”

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டாள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் கூடத் தொடவில்லை.

“பாத்தியோ திமிரை!” என்று அக்கா கொதித்தார். “ஆளைத் தேடிக் குடுத்தால், படிப்புக் காணாதாம்!”

என் படிப்புப் போதாது என்றதில் எனக்கும் முகம் எரிந்தது. அவள் மறந்து விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினேன். குடையைக் கொடுக்கிற சாட்டில் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றுதான் ஓடினேன்.

“படிக்காத ஆக்களுக்குக் கவலை வராதோ, பிள்ளை?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குறை நினையாதேங்கோ அன்ரி. எங்கடை ஆராய்ச்சிக்குப் படிப்பே தேவையில்லை.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“நீங்கள் ஓம் எண்டது எனக்கில்லை, அந்த அக்காவுக்கு. நீங்கள் மாட்டன் எண்டால் அவ உங்களோடை கோவிப்பா. நான் வேண்டாம் எண்டால் என்னோடைதானே கோவிப்பா?”

அவள் குடையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த கிழமை அக்கா மறுபடி வந்து கதவைத் தட்டினார். பின்னால் கமராவோடு இரண்டு பேர்.

“உதயகலா, வெளிநாட்டிலையிருந்து வந்திருக்கினம். தம்பியின்ரை கதை கேக்கினம்.”

கதவில் கையை வைத்தேன்.

“எனக்குப் படிப்புக் காணாதாம் அக்கா. உங்களுக்கு முன்னாலைதானே அந்தப் பிள்ளை சொன்னது” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டேன்.